நோன்புக் கணக்கை எதில் எழுதுவது?

 

16 மணி நேரம் உண்ணாதிருந்து, எஞ்சிய 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்ளும் முறையை இன்று நம் இளையோர் பலர் மேற்கொள்கின்றனர். அதனைக் கணக்கிடக் கைப்பேசியில் செயலியும் வைத்துள்ளனர். இரவுணவு நீத்த மரபினர்க்கு இஃது அரிதன்று. மாலை 5.30 மணிக்கு உண்டு முடித்தவர் மறுநாள் காலை 9.30 மணிக்கு உண்டால் அந்தக் கணக்கு தானே நிறைந்துவிடும்.

நினைவில் வைத்துக் காப்பதும் நமக்குப் புதிதன்று. புரோஷதோபவாச விரதத்துக்குரிய அதிசாரங்கள் ஐந்தனைக் கூறுமிடத்து, சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் மறதியையும் ஒன்றாக வைத்தார். ஆர்வமின்மையை அதன் அருகிலேயே வைத்தார். மறதிக்குச் செயலி மருந்தாகலாம். மற்றதற்கு ஆகுமா என்பதை இளைஞர்களே சொல்ல வேண்டும்!

என் பட்டறிவைக் கூறுகிறேன். பேத்தி ஒரு செயலியை அமைத்துத் தந்தாள். காலை 10.30 முதல் மாலை 6.30 வரை உணவு நேரம் எனக் குறித்தேன். ஆனித் திங்களில் இடரில்லை. கார்த்திகையிலோ வந்தவாசிப் பக்கம் 5.45 மணியளவில் கதிரவன் மறைந்துவிடுகின்றான். செயலி, 'இன்னும் முக்கால் மணி நேரம் உண்ணலாம்' என்றது! ஆகவே 9.30 முதல் 5.30 வரை என மாற்றினேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவன் நான். ஒருநாள் வழக்கம்போல் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். 8.30 மணிக்குக் கை நடுங்கிற்று, வியர்த்தது. செயலியில் 38 நாள் தொடர்ச்சியாகச் சேர்ந்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரந்தானே, அஃது அறுந்துவிடக் கூடாதே என்று அமர்ந்திருந்தேன். முப்பதாண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் செய்யும் செயலா இது! என் மனைவி சர்க்கரை கரைத்த நீரைப் புகட்டிய பின்னரே தெளிந்தேன். மருத்துவர் கடிந்துகொண்டு மாத்திரையின் நேரத்தை மாற்றியமைத்தார். மாத்திரை உண்போரும் இன்சுலின் போட்டுக்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் உணவு நேரத்தை மாற்றலாகாது.

இப்போது நாட்காட்டியின் அருகே ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிட்டுள்ளேன். கதிரவன் மறையும் நேரம், கடைசிக் கவளம், மறுநாள் முதற் கவளம், உடல்நிலை ஆகியவற்றை எழுதுகிறேன். அட்டமி, சதுர்த்தசி நாள்களுக்குச் சிவப்பு மை. மருத்துவர் முதலில் படிப்பது உடல்நிலைக் கட்டத்தைத்தான்.

வெளியூர்ப் பணியில் இருப்போர் கைப்பேசியையே கொள்ளலாம். நேரத்தை நாள்தோறும் மாற்ற இடந்தரும் செயலியாகத் தேர்க; தொடர்நாள் எண்ணிக்கையை மட்டும் நிறுத்தி வைக்க. குறிப்பேட்டு முறையைக் காண விரும்புவோர்க்காக என் ஏட்டை மேசைமேல் வைத்துள்ளேன், கையெழுத்தைப் பொறுத்தருள்க.