"அவரா மனசு வெச்சாதான் திருந்துவார்" — உண்மையா?

நங்கநல்லூர்ல இருந்து பேசுறேன். நடுவுல விமானச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, மீனம்பாக்கம் பக்கத்துல இருக்கிறதோட பலன் அது.

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: "அப்பா தினமும் குடிக்கிறார். ட்ரீட்மென்ட்னு சொன்னாலே எழுந்து போயிடுறார். அவரா மனசு வைக்கிற வரைக்கும் காத்திருக்கிறதா?"

முதல்ல, மனசுங்கிறது ஒரு ஸ்விட்ச் கிடையாது. 1983-ல புராசஸ்கா, டிக்ளமென்ட்டி என்ற இரண்டு உளவியலாளர்கள், புகைப்பழக்கத்தை விட்டவர்களை ஆராய்ந்து எழுதினாங்க. ஒரு பழக்கத்தை விடுறது படிப்படியா நடக்குது. "எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல"ன்னு சொல்றவர், "விடணும்தான், ஆனா..."ன்னு இழுக்கிறவர், தேதி குறிக்கிறவர், விட்டுட்டவர். நடுவுல சறுக்கி மறுபடி ஏறுறவங்களும் உண்டு.

அந்த "ஆனா..." இருக்கே, அதுதான் நமக்கு முக்கியம்.

அமெரிக்காவில் புராஜெக்ட் மேட்ச் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 1,726 பேர், மூணு விதமான சிகிச்சை. ரெண்டுல வாரம் ஒருமுறைன்னு 12 அமர்வுகள். மூணாவதுல நாலே அமர்வு, அதுவும் அவருடைய சொந்தக் காரணங்களை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிற பேச்சு. 1997-ல முடிவு வந்தப்போ மூணுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வெளிநோயாளிகள்ல, ஆரம்பத்துல மாறத் தயாரா இருந்தவங்க மூணு வருஷம் கழிச்சும் குறைவாத்தான் குடிச்சாங்க.

ஆக, மனசு முக்கியம்தான். ஆனா அந்த மனசு ஒரு பேச்சால வளரவும் செய்யும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே இப்படிப் பேசிப் பார்த்தாங்க. 2017-ல லான்செட்ல வந்த ஆய்வு அது. மூணு மாசத்துல மீண்டவங்க 36 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்கள்ல 26. அவங்க முழு அடிமை நிலைக்குப் போகாதவங்க என்பதையும் சொல்லிடணும்.

நம்ம பக்கத்துலயே, அடையாறு இந்திரா நகர்ல டி.டி.கே. மருத்துவமனை இருக்கு. கணவரைக் குடியால இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல தொடங்கின அமைப்போடது. அங்க குடும்பத்துக்கும் தனியா சிகிச்சை உண்டு. ஏன்னா வீட்டுல நடக்கிற பேச்சும் மனசை மாத்தும்.

அதனால வீட்டுல என்ன செய்யலாம்? போதையில இருக்கும்போது பேசாதீங்க. காலையில, தெளிவா இருக்கிறப்போ, "ஏன் குடிக்கிறீங்க?"ன்னு கேட்காம, "இதனால உங்களுக்கு எது கஷ்டமா இருக்குப்பா?"ன்னு கேளுங்க. பதில் வந்தா குறுக்கிடாதீங்க. குழந்தை தலையில அடிச்சு சத்தியம் வாங்காதீங்க. அது உடையுற அன்னைக்கு அவருக்கு வெட்கம்தான் கூடும், வெட்கம் மறுபடி கடைக்கே அனுப்பும்.

ரெண்டு எச்சரிக்கை. "அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டுல கலந்து கொடுங்க"ங்கிற விளம்பரத்தை நம்பாதீங்க. டைசல்பிரம் மாதிரி மருந்து உள்ள இருக்கும்போது குடிச்சா ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் கொடுத்து, அவருக்குத் தெரிஞ்சு சாப்பிட வேண்டிய மருந்து அது. அடுத்தது, பல வருஷமா தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம். "நாளையிலிருந்து தொட மாட்டேன்"னு அவர் சொன்னா சந்தோஷப்படுங்க, ஆனா அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

2019-ல வந்த தேசிய கணக்கெடுப்புப்படி, குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்குது. மீதி 37 பேர் வீட்டுலயும் யாரோ காத்துட்டிருக்காங்க. அவர் வர மறுத்தாலும் நீங்க மட்டும் 14446-க்கு போன் பண்ணலாம், அரசு உதவி எண் அது. அவருக்கு முன்னாடி நீங்க ஆலோசகரைப் பார்க்கிறதும் சிகிச்சையோட ஆரம்பம்தான்.

அடுத்த எபிசோட்ல, விட்டு ஆறு மாசம் கழிச்சு மறுபடி குடிச்சிட்டா வீட்டுல என்ன பண்றதுன்னு பேசலாம். வரேன்.