ஆசானின் தனி நோக்கு

(கும்மிடிப்பூண்டியில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிப்காட் தொழிற்பேட்டையில் இரவென்றும் பகலென்றும் பாராது உழைக்கும் நம்மவர், தம் மக்களைச் சிலம்பம், ஜூடோ, நீச்சல், சதுரங்கம் எனப் பல வகுப்புக்களிற் சேர்க்கின்றனர். சேர்க்குங்கால், ‘கட்டணம் யாது? கோப்பை கிடைக்குமா?’ என்று வினவுகின்றனர். ‘ஆசிரியர் என் பிள்ளையை ஒரு நாளில் எத்தனை நிமிடம் நோக்குவார்?’ என்று வினவுவார் மிக அரியர். அதுவே முதல் வினாவாதல் வேண்டும் என்பதனைக் கூறவே யான் இங்கு நிற்கின்றேன்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. 1993-ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்த பவானி தேவி, 2004-இல் பள்ளியில் வாட்போர் பயிலத் தொடங்கினார். தொடக்கத்தில் மூங்கிற் கழிகளே அவருக்கு வாளாயின. பின்னர்க் கேரளத்திலுள்ள தலைச்சேரிக்குச் சென்று, அங்குள்ள அரசினர் பயிற்சி நிலையத்திற் பயின்றார். 14-ஆம் வயதிலே துருக்கி நாட்டிற்குப் போட்டிக்குச் சென்றபோது, களத்திற்குச் சில நிமிடம் பிந்தி வந்தமையால் விலக்கப்பட்டார். அவ்வளவிற் சோர்ந்தாரில்லை. பிற்காலத்தில் இத்தாலி நாட்டு லிவோர்னோ நகருக்குச் சென்று, நிக்கோலா சனோட்டி என்னும் ஆசானிடம் பயின்றார். லிவோர்னோ கடற்கரைத் துறைமுக நகர். 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஐந்து தங்கப் பதக்கம் பெற்ற நேடோ நாடியைப் பெற்றெடுத்த ஊர். நேடோவுக்கு வாட்பயிற்சி அளித்த ஆசான் அவர்தம் தந்தையாரே.

இவ்வளவு தூரம் கடந்து செல்வது எதன்பொருட்டு? வாளும் கவசமும் இங்கும் கிடைக்குமன்றோ? அன்பர்களே! வாட்போர்க் கல்வியில் தனிப்பாடம் என ஒன்று உண்டு. ஆசான் தடித்த தோற்சட்டையும் கையுறையும் முகக்கவசமும் பூண்டு மாணவர் எதிரே நிற்பார்; வெல்லுதற்கன்று, வெட்டுப்படுதற்கே நிற்பார். தம் வாளைச் சிறிது தாழ்த்துவார், வழி திறக்கும். மாணவர் முந்தினால் அவ்வழியை அடைப்பார், பிந்தினாலும் அடைப்பார். காலமறிந்து வந்த வெட்டினை மட்டும் தம் உடம்பில் ஏற்றுக்கொள்வார். அடுத்த முறை ஒரு சாண் பின்னே நிற்பார். அதற்கடுத்த முறை மணிக்கட்டைச் சிறிது திருப்புவார். இவ்வாறு ஒரே பாடத்திற் பன்முறை வெட்டுப்பட்டு, மாணவரின் தோளிலும் காலிலும் உள்ள குற்றத்தை ஒவ்வொன்றாய்க் களைவார். பவானி தேவி பயின்ற சேபர் என்னும் வாள்வகையில் இடுப்புக்கு மேற்பட்ட உடலே இலக்கு. 14 மீட்டர் நீளக் களத்தில் ஒரு புள்ளிக்குரிய போர் பெரும்பாலும் ஓரிரு நொடியில் முடியும். அத்துணைச் சிறு காலத்தை நூலிற் கற்றல் இயலாது. ஆசானின் உடம்பிலேயே கற்றல் வேண்டும்.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது அவர் சென்னையில் தம் வீட்டு மொட்டைமாடியிற் பயிற்சி செய்தார். விளையாட்டுப் பையை எதிராளியாக நிறுத்தி வெட்டினார் எனப் பத்திரிகைகளிற் படித்தோம். அவர்தம் ஊக்கம் போற்றத்தக்கது. ஆயினும் பை வழிவிடாது, வழியை அடைக்காது, ‘நீ பிந்தினாய்’ என்று சொல்லாது. கற்பவர் எத்துணை உழைப்பினும் ஆசான் நின்ற இடம் வெற்றிடமாகவே நிற்கும்.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் இந்திய வாட்போர் வீரர் அவரே. முதற்சுற்றில் துனிசியா நாட்டு வீராங்கனையை 15-3 என வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். பின்னர்ப் பிரான்சிலும் சென்று பயின்ற அவர், 2023-இல் சீனத்து வூஷி நகரில் நிகழ்ந்த ஆசியப் போட்டியில், அந்நாளைய உலகச் சாம்பியனாகிய சப்பானியப் பெண்மணி எமுராவை வென்று வெண்கலம் பெற்றார்.

நிற்க. இத்தகைய நோக்கினை நாடிச் செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை நாடி மாயூரஞ் சென்ற உ. வே. சாமிநாதையர்க்கு, முதலில் மற்றொரு மாணாக்கரே பாடஞ் சொன்னார். ஐயருக்கோ பிள்ளையவர்களிடமே கேட்டல் வேண்டும் என்னும் தாகம். பிள்ளையவர்கள் காலையில் தோட்டத்து மரஞ்செடிகளில் தளிர்களைத் தேடிப் பார்த்து மகிழ்வதைக் கண்டார். தாம் முன்னரே சென்று தளிர்த்த இடங்களைக் கண்டுவைத்துக் காட்டினார். அவ்வாறு உள்ளத்தை அணுகியே தம் வேட்கையை வெளியிட்டார். ஆசானின் நோக்கைப் பெற விழைந்தவர், முதலில் ஆசான் நோக்கிய பொருளைத் தாம் நோக்கினார்.

எல்லாரும் கடல்கடத்தல் இயலுமோ எனின், ஆசானையே அழைப்பித்தாரும் உளர். 1929-இல் இரவீந்திரநாத தாகூர் தகாகாகி என்னும் ஜூடோ ஆசிரியரைச் சப்பானிலிருந்து சாந்திநிகேதனத்திற்கு வருவித்தார்.

இனி என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். என் வகுப்பில் ஐம்பதின்மருக்கு மேல் இருந்தனர். அவருள் ஒருவன் செய்யுளை அலகிடுதலில் ஆண்டு முழுதும் பிழைத்தான். யானும் ஆண்டு முழுதும் சிவப்பு மையால் அடித்தேன். இறுதித் தேர்வு முடிந்த பின்னர் ஒரு நாள், புகைவண்டி நிலையத்தில் அவனும் யானும் ஒரே பலகையில் அமர நேர்ந்தது. வண்டி வரத் தாமதமாயிற்று. ஒரு சொல்லை வாய்விட்டு அலகிடச் சொன்னேன். ஒற்றெழுத்தையும் ஓர் அசையாக எண்ணிக்கொண்டிருந்தான்! கால்மணியில் தெளிந்தான். ‘ஐயா, இவ்வளவுதானா?’ என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கால்மணியை யான் அவனுக்கு ஓராண்டு கடன்பட்டிருந்தேன், தேர்வோ முடிந்துவிட்டது.

ஆதலின் பெற்றோர்களே! பெரும் பெயரும் பெருங் கட்டடமும் கண்டு மயங்காதீர்கள். வகுப்பின் வாயிலில் ஒரு மாலை நின்று பாருங்கள். ஆசிரியர் உங்கள் குழந்தையின் பிழையை அதன் பெயர் சொல்லித் திருத்துகின்றாரா என்று காணுங்கள். அத்தகையாரைக் கண்டால் அவர் அடுத்த தெருவில் இருப்பினும், ஆழ்கடலுக்கு அப்பால் இருப்பினும், அவரிடமே விடுங்கள். ஆசிரியத் தோழர்களே! நாள்தோறும் ஒரே ஒரு பிள்ளைக்கேனும் அந்தக் கால்மணியைக் கொடுப்போம்.