ரூபாயைப் படித்தவர் கையில் ரூபாய் இல்லை

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இன்னைக்குக் கவிதை வேண்டாம், கணக்குப் பேசுறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பகல் பூரா வங்கிக் கவுண்டரில் மற்றவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவன் நான். பணத்தைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

போன வருஷம் எங்க தெருப் பையன் ஒருத்தன் வந்தான். புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்தவன். "அண்ணே, பிஎச்.டி. சேரட்டுமா, பேங்க் பரீட்சை எழுதட்டுமா?" என்று கேட்டான். அவனுக்குக் காப்பீட்டுக் கணிதத்தில் ஆய்வு செய்ய ஆசை. ஆக்சுவரி என்கிறார்களே, அந்தப் படிப்பு. ஒரு லட்சம் பேர் பிறந்தால் எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று அட்டவணை போடுவது, அதோடு வட்டியைச் சேர்த்துப் பாலிசிக்கு விலை வைப்பது. அவன் எழுதிக்கொண்டு போன தலைப்பு, துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு இறப்பு அட்டவணை. பேராசிரியர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம துறை இல்லப்பா, சமூகவியல் பக்கம் போய்க் கேளு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் அம்மா என்னிடம், "தம்பி, நீங்களே சொல்லுங்க, இன்னும் அஞ்சு வருஷம் யாரு சோறு போடுறது?" என்றார்.

நான் பரீட்சை எழுதச் சொன்னேன். அந்தப் பதில் தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இங்கே நிற்கிறேன்.

நம்ம ஊர்களில் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிற அண்ணலின் சிலையைப் பாருங்கள். கையில் ஒரு புத்தகம் இருக்கும். அரசியல் சட்டம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். சரிதான். ஆனால் சட்டத்துக்கு ரொம்ப முன்னாலேயே அவர் எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது, 'ரூபாயின் பிரச்சினை'. 1923-ல் லண்டனில் அச்சானது. லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் கொடுத்தது அந்த ஆய்வுக்குத்தான். நாம் மாலை போடுகிறவர் ஒரு நாணயவியல் ஆய்வாளர் என்பதை நம்மிலேயே எத்தனை பேர் பேசுகிறோம்?

அந்த ஆய்வு எப்படி நடந்தது என்று பாருங்கள். 1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித்தொகையில் நியூயார்க் போகிறார். மாதம் 11.50 பவுண்டு, 3 வருஷத்துக்கு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படிப்பிக்கும் செலிக்மேனிடம் படிக்கிறார். 1916-ல் லண்டன் போகிறார். 1917-ல் உதவித்தொகை முடிந்துவிட்டது, திரும்பி வா என்கிறார்கள். ஆய்வு பாதியில் நிற்கிறது. தனிக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் டார்பிடோ தாக்குதலில் கடலோடு போயின. பரோடாவில் வேலை கிடைக்கிறது, தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் ஒதுங்கினால், சாதி தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டுகிறார்கள். 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். அங்கேயும் உடன் வேலை பார்த்த சிலர், பொதுத் தண்ணீர்ப் பானையைத் தொடாதே என்கிறார்கள். உலகச் சந்தையைப் பாடம் நடத்துகிறவருக்கு ஒரு செம்புத் தண்ணி இல்லை!

சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜா கொடுத்ததைச் சேர்த்து, நண்பர் நவல் பதேனாவிடம் கடன் வாங்கி 1920-ல் மறுபடி லண்டன் போனார். அரை வயிற்றோடு நூலகத்தில் கிடந்தார். பம்பாயில் ரமாபாய் அம்மா வறுமையில் குடும்பத்தை இழுத்தார். 1922-ல் ஆய்வேட்டைக் கொடுத்தார். தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொன்னார்கள். கையில் காசு இல்லை. ஊருக்குத் திரும்பி, பம்பாயில் உட்கார்ந்து திருத்தி அனுப்பினார். பட்டம் 1923 கடைசியில் வந்தது. கொலம்பியாவில் 1916-ல் கொடுத்த ஆய்வுக்கோ, அதை விரித்துப் புத்தகமாக 1925-ல் அச்சிட்ட பிறகு 1927-ல்தான் முறைப்படி பட்டம் கிடைத்தது. ரூபாயை ஆராய்ந்தவருக்குத் தடையாக நின்றதும் அதே ரூபாய்தான்.

அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது? அன்றைக்கு அரசாங்கமும் பெரிய பொருளாதாரவாதிகளும் ஒரு ரூபாய்க்கு எத்தனை ஷில்லிங், எத்தனை பென்ஸ் என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கெய்ன்ஸ் 1913-லேயே, தங்க மாற்று முறைதான் இந்தியாவுக்கு நல்லது என்று எழுதியிருந்தார். அம்பேத்கர் மறுத்தார். பவுண்டுக்கு எதிரே ரூபாய் அசையாமல் நின்றால் போதாது, ரூபாய் கொடுத்தால் எவ்வளவு சரக்குக் கிடைக்கிறது என்பது நிலையாக நிற்க வேண்டும் என்றார். அரசாங்கம் நினைத்தபோதெல்லாம் ரூபாய் அடித்துத் தள்ளுகிற அதிகாரத்துக்கு வரம்பு கட்டச் சொன்னார். ஏன்? ரூபாய் மதிப்பு இறங்கினால் விலை முதலில் ஏறும், கூலி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். நடுவில் விழுகிற லாபம் முதலாளிக்கு, நஷ்டம் கூலிக்காரனுக்கு. ஏற்றுமதியாளர்கள் தேச நலன் என்று சொன்னதை, ஒரு வர்க்கத்தின் பையிலிருந்து இன்னொரு வர்க்கத்தின் பைக்கு மாறுகிற பணம் என்று காட்டினார். 1925-ல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்னாலும் போய் இந்த வாதங்களை வைத்தார்.

ரிசர்வ் வங்கியையே அவர்தான் உண்டாக்கினார் என்று நம் மேடைகளில் சொல்கிறோம். அவ்வளவு நீட்ட வேண்டியதில்லை தோழர்களே. அவர் செய்ததே போதும். நாணயத்தைக் கூலிக்காரனின் இடத்திலிருந்து பார்க்கும் ஒரு பார்வையை, சேரியிலிருந்து வந்த ஒருவர் லண்டன் தேர்வாளர்கள் முன்னால் வைத்து வாதாடி ஜெயித்தார். நமக்குச் சமூகவியல்தான், இலக்கியம்தான் என்று அவர் ஒதுங்கிப் போகவில்லை.

இப்போது அந்தப் பேராசிரியர் சொன்னதுக்கு வருவோம். சாவுக் கணக்கில் சமூகம் வராதா? அமெரிக்காவில் புருடென்ஷியல் நிறுவனம் 1881-ல் ஒரு முடிவு எடுத்தது. கறுப்பர் அதே பிரீமியம் கட்டட்டும், செத்தால் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுப்போம் என்றது. 1884-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தப் பாகுபாட்டைத் தடுத்துச் சட்டம் போட்டது. 1896-ல் அந்த நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரெடெரிக் ஹாஃப்மன் பெரிய புத்தகமாகவே எழுதினார். கறுப்பர் அதிகம் சாவது அவர்களுடைய இனத்தின் இயல்பு, அவர்களுக்குக் காப்பீடு தர முடியாது என்பது வாதம். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. அன்றைக்கு அது அறிவியல்.

அதற்கு ஓராண்டு முன்னால்தான் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார் டு பாய்ஸ். அங்கே டாக்டர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர். பெர்லினில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகையை நீட்டிக்க மறுத்ததால் அங்கே பட்டம் வாங்காமல் திரும்பியவர். கதை ஒரே மாதிரி இருக்கிறதல்லவா? 1897-ல் ஹாஃப்மனின் கணக்குக்குள்ளேயே புகுந்து பதில் எழுதினார். ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் வெள்ளையரும் இதே வேகத்தில் சாகிறார்களே, அது எந்த இனத்தின் இயல்பு என்று கேட்டார். சாவைக் கூட்டுவது ரத்தம் இல்லை, வாழ விட்டிருக்கிற நிலைமை. இதே டு பாய்ஸுக்குத்தான் 1946-ல் அம்பேத்கர் கடிதம் எழுதினார்.

ஆக, விலை வைக்கும்போது இனம் கணிதத்துக்குள் வருகிறது. நியாயம் கேட்கும்போது மட்டும் சாதி சமூகவியலாகி வெளியே போகிறது. கணக்குப் போடுகிற இடத்தில் நாம் இல்லையென்றால் நம் சாவும் விதி என்றுதான் எழுதப்படும். கழிவுநீர்க் குழியில் செத்தவருக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் 30 லட்சம் என்று உயர்த்தியது. போராடி வாங்கியது அது, குறைத்துப் பேசவில்லை. ஆனால் குழியில் சாகாமல், நுரையீரல் அழுகி வீட்டுத் திண்ணையில் முன்கூட்டியே சாகிறவருக்கு என்ன கணக்கு? அவரிடமிருந்து எத்தனை வருஷம் பிடுங்கப்பட்டது? அதைத்தான் அந்தப் பையன் எண்ணப் பார்த்தான்.

சரி, சோறு யாரு போடுறது? அந்த அம்மா கேட்டதைத் தாண்டிப் போக முடியாது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 7 மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய் வர வேண்டும். ஆராய்ச்சி மாணவனின் கடைசிக் கடிதத்தில் வரவேண்டிய பாக்கி! உதவித்தொகை தாமதமானால் மற்றவர்களுக்குச் சிரமம், நமக்குப் படிப்பே நிற்கும். அதற்காக அரசோடு போராடுவோம். போராடி முடிகிற வரைக்கும்?

பதேனா கொடுத்ததும் ஒரு நண்பரின் கடன்தான். இந்தக் கூடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் 30 பேராவது இருக்கிறீர்கள். ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் போட்டால் 30,000. பணம் வராத மாதங்களில் ஒரு ஆய்வு மாணவரையாவது அது தாங்கும். முதல் ஆயிரம் என்னுடையது. கணக்கு எழுதுகிற வேலையும் என்னுடையது. அதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

அந்தப் பையன் பரீட்சையில் தேறிவிட்டான். ஆர்டர் வந்துவிட்டது. அடுத்த மாதம் சேர வேண்டும். வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டு அடுப்பு எரிவதும் அதில்தான். முடிவு அவனுடையது, அவன் அம்மாவுடையது. ஆனால் தம்பி, கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாய், கேட்டுக்கொள். போன வருஷம் நான் சொன்னது பயத்தில் சொன்னது. அந்தத் தலைப்புக் காகிதத்தைக் கிழித்துப் போடாதே. வேறு பல்கலைக்கழகத்தில் வேறு வழிகாட்டியைத் தேடுவோம். இந்தத் தடவை நானும் கூட வருகிறேன்.