குளிர்மழையில் மலையோட்டம்



2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் நதிக் கல்வனம் என்ற மலைப்பகுதியில் நூறு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். காலை ஒன்பது மணிக்கு 172 பேர் புறப்பட்டார்கள். நண்பகலையொட்டி வானிலை மாறியது. ஆலங்கட்டி, உறையவைக்கும் மழை, ஆளைச் சாய்க்கும் காற்று. அன்று 21 பேர் இறந்துபோனார்கள். லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். சீனாவின் தலைசிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களில் அவருக்குத் தனி இடம் உண்டு.

உடல்வலுவும் பயிற்சியும் உள்ளவர்கள் எப்படி மடிந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பல உயிர்களைக் காப்பாற்றலாம். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

ஓடுகிறவரின் உடல் எரிகிற அடுப்பு. ஓடும்வரை சூடு பிறந்துகொண்டே இருக்கும். மெல்லிய பனியனும் அரைக்கால் சட்டையும் போதும் என்றுகூடத் தோன்றும். ஆனால் துணி நனைந்துவிட்டால் கதை வேறு. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத்தோடு காற்றும் சேர்ந்தால் உடல் உண்டாக்கும் சூட்டைவிட இழக்கும் சூடு அதிகமாகிவிடும். செங்குத்தான ஏற்றத்தில் கால் சோர்ந்து வேகம் குறையும்போது அடுப்பும் தணிகிறது. 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடலின் உள்வெப்பம் 35-க்குக் கீழே இறங்கினால் அது ஆபத்து நிலை.

முதலில் விரல்கள் சொன்னபடி கேட்காது. பையின் ஜிப்பை இழுக்க முடியாது. தின்பண்டப் பொட்டலத்தைப் பல்லால் கடித்தும் பிரிக்க வராது. அதாவது, பைக்குள் சட்டை இருந்தாலும் எடுத்து மாட்டிக்கொள்ளும் திறன் போய்விடுகிறது. அடுத்து நாக்கு குழறும், கால் தடுமாறும். பிறகு புத்தி மங்கும். நடுக்கம் நின்றுவிட்டால் உடல் தேறிவிட்டதாக நினைக்கக் கூடாது. சூடு உண்டாக்கும் சக்தி தீர்ந்துபோனதன் அடையாளம் அது.

கான்சு பந்தயத்தில் காற்று புகாத மேல்சட்டை கட்டாயப் பொருளாக இருக்கவில்லை. பந்தயத்தின் கடினமான பகுதி சுமார் எட்டு கிலோமீட்டர் நீளம். அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். வண்டி போக வழியில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த மெல்லிய தகட்டுப் போர்வைகளைக் காற்று கிழித்தெறிந்தது.

அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஜூ கெமிங். மழைக்கு ஒரு குகையில் ஒதுங்கியிருந்தார். இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே அங்கே துணிமணியும் உணவும் சேர்த்து வைத்திருந்தார். வலியில் நின்றுவிட்ட ஓட்டக்காரர் ஒருவரை உள்ளே அழைத்து, விறைத்த கைகால்களைத் தேய்த்துவிட்டு, தீ மூட்டினார். பிறகு நான்கு பேர் வந்தார்கள். வெளியே இன்னும் ஆள் இருப்பதை அறிந்து, அந்தப் புயலுக்குள் மறுபடி இறங்கி, நினைவிழந்து கிடந்த இன்னொருவரையும் கொண்டுவந்து சேர்த்தார். ஆறு உயிர்கள் பிழைத்தன. உலர்ந்த துணி, காற்று படாத இடம், கொஞ்சம் நெருப்பு. காப்பாற்றியவை இவ்வளவுதான்.

கான்சு பந்தயத்துக்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 2008 அக்டோபரில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் இரண்டு நாள் மலையோட்டம். சுமார் 2,500 பேர் கலந்துகொண்டார்கள். பெருமழையும் சூறைக்காற்றும் வந்து, ஓடைகள் பெருக்கெடுத்து, முதல் நாளே பந்தயம் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மலையில் சிக்கிக்கொண்டதாகச் செய்திகள் பறந்தன. ஆனால் ஒருவர்கூட இறக்கவில்லை. காரணம் தெளிவானது. இருவர் இருவராக ஓடினார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவர் கவனிப்பார். ஒவ்வொரு ஜோடியும் கூடாரம், உறங்கு பை, மழைச்சட்டை, உணவு எல்லாவற்றையும் முதுகில் சுமந்தது. பலர் தாங்களாகவே இறங்கி வந்தார்கள். சிலர் மலையிலேயே கூடாரம் அடித்து இரவைக் கழித்தார்கள்.

மலையோடும் நண்பர்களே, எடை குறைக்கிறேன் என்று மழைச்சட்டையை விட்டுப் போகாதீர்கள். குளிர் ஏறிய பிறகு போடலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் தூறலிலேயே மாட்டுங்கள். பருத்திச் சட்டை நனைந்தால் சூட்டைக் காக்காது. கம்பளியோ செயற்கை இழையோ அணியுங்கள். அவ்வப்போது சாப்பிட்டுக்கொண்டே இருங்கள். பக்கத்தில் ஓடுகிறவரின் பேச்சு குழறினால் பந்தயத்தை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள். பந்தயம் நடத்துகிறவர்களே, கட்டாயப் பொருள்களைப் புறப்படும் முன் ஒவ்வொரு பையிலும் சோதியுங்கள். வானிலை கெட்டால் நிறுத்தும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

பாதியில் இறங்கி வருவது தோல்வி இல்லை. இறங்கி வந்தவர் அடுத்த முறையும் ஓடலாம்.