உழுவோர் உரிமையும் ஊரின் வாழ்வும்



சென்னை நேப்பியர் பாலத்தை நாம் அறிவோம். அப்பெயருக்குரிய நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்தவர். அவரே 1883இல், ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் தீவுகளிலும் வாழ்ந்த சிறு குடியானவர்களின் குறைகளை விசாரித்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார்.

'கிராஃப்டர்' எனப்படும் அம்மக்கள் பெருநிலக்கிழார்களின் குத்தகைக்காரர்கள். செம்மறியாட்டுப் பண்ணைகளுக்காக அவர்தம் முன்னோர் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டனர். 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் மக்கள், இழந்த மேய்ச்சல் நிலத்தைக் கேட்டுக் குத்தகை கொடுக்க மறுத்தனர். அடக்க வந்த காவலரைப் பெண்களும் முன்னின்று எதிர்த்தனர். அதன் பின்னரே ஆணையம் வந்தது. 1886இல் சட்டம் வந்தது.

வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு, நியாயமான குத்தகை, வாரிசுரிமை ஆகியவை கிட்டின. ஆனால், பறிபோன நிலம் மீளவில்லை. நிலமற்ற ஏழைகளோ பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே நின்றனர்.

நூறாண்டு கழிந்து, 1993இல், அசின்ட் பகுதிக் குடியானவர்கள் ஒன்றுகூடி, நிதி திரட்டி, 21,000 ஏக்கரைத் தாமே வாங்கினர். நிலக்கிழார் இசையாவிடினும், அரசின் ஒப்புதலோடு இவ்வாறு வாங்கும் உரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது.

இளைஞர்களே! போராட்டத்தின் பின்னரே சட்டம் வருகிறது; அதிலும் நிலமற்றவன் விடுபட்டுப் போகிறான். ஆகவே, சட்டம் எழுதப்படும் இடத்தில் நாமும் அமர்ந்திருத்தல் வேண்டும். நம் கல்விப் பணியின் நோக்கம் அதுவே.