காலும் திருவடியும்



இத்திருக்கோயிலில் இவ்விழாவுக்கென முதன்முதல் நிகழ்ந்தது யாது? கொடியேற்றம் என்பீர்கள். அதற்கும் முன்னரே, நல்லதொரு நாளில், மூங்கில் ஒன்றிற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, வழிபட்டு நட்டார்கள். அதற்குப் பந்தற்கால் என்று பெயர். காலில் தொடங்கியது இவ்விழா. ஆதலின், கால் என்னும் அச்சொல்லையே இன்றைய சிந்தனைக்குப் பொருளாகக் கொள்வோம்.

கால் என்றவுடன் நம் உடம்பின் உறுப்பே நினைவுக்கு வரும். ஆயினும் தமிழில் அச்சொல் உணர்த்தும் பொருள்கள் பல. பந்தலைத் தாங்குவது கால். ஆயிரங்கால் மண்டபத்தில் கால் என்பது கல்தூண். கழனிக்கு நீரைக் கொண்டு செல்வது வாய்க்கால். தேரை ஓடச் செய்யும் உருளை தேர்க்கால்; திருவாரூரிலே பசுங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டதையும், அதன்பொருட்டு மனுநீதிச் சோழர் செய்த முறையையும் அறியாதார் யார்? குலத்திற்கும் கால் என்று பெயருண்டு. அதனால் மகனைக் கான்முளை என்றனர். ஒருகால், இருகால் என்னுமிடத்து அது தடவையைக் குறிக்கும். அளவையில் நான்கில் ஒரு பங்கு. இலக்கணத்தில் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளை உணர்த்தும் சொற்களுள் ஒன்று. காற்றுக்கும் கால் என்பது பெயர். ஐம்பூதத் தலங்களுள் அந்தக் காற்றுக்கு உரியது திருக்காளத்தி. அத்தலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அங்கே செல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் அறிந்த கால் ஒன்றும் உண்டு. ககரத்தின் அருகே ஒரு கால் இட்டால் அது நெடிலாகிவிடுகிறது. அதற்குத் துணைக்கால் என்று பெயர். தனியே நின்றால் அதற்கு ஒலியில்லை. பக்கத்தில் நிற்கும் எழுத்தை நீளச் செய்வதே அதன் தொழில்.

இவை யாவும் ஒரு சொல்லின் விரிவோ, ஒலியால் ஒத்த பல சொற்களோ என்னும் ஆராய்ச்சி மொழிநூற் புலவர்க்கு உரியது. அடியார்களாகிய நமக்கு வேண்டுவது வேறு. தூண் தாங்குகிறது, உருளை இயங்கச் செய்கிறது, வாய்க்கால் கொண்டு சேர்க்கிறது, துணைக்கால் துணை நிற்கிறது. தனக்கென இல்லாமல் பிறிதொன்றன் பொருட்டு நிற்பதே கால். அதனாலேதான் அது கண்ணிற் படுவதில்லை. பந்தலுக்குள் நுழைபவர் மேலே கட்டிய தோரணத்தைப் பார்க்கிறார். கீழே ஊன்றிய காலைப் பார்ப்பதில்லை.

இனி, இவ்வுறுப்பிற்கு உள்ள வேறு பெயர்களைக் காண்போம். அடி, தாள், கழல், பதம், பாதம், சரணம் என்பன அவற்றுட் சில. அடி என்பது மரத்தின் மூலத்திற்கும், செய்யுளின் உறுப்பிற்கும், நீட்டலளவைக்கும் பெயர். அவ்வடியைச் சார்ந்தவர் அடியார். தாள் என்பது நெல்லின் தண்டு. முயற்சிக்கும் அதுவே பெயராதலின் முயற்சியுடைமையைத் தாளாண்மை என்றனர். கழல் என்பது வீரர் காலில் அணியும் அணி. ஆகுபெயராய் அதனை அணிந்த காலையே உணர்த்தி நின்றது.

நம்முடையதைக் கால் என்போம். இறைவனுடையதைத் திருவடி என்போம். உடம்பில் எல்லாவற்றிற்கும் கீழே இருப்பது அவ்வுறுப்பு. அருளாளர் நாடியதோ அதனையே. திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் உள்ள 10 குறள்களுள் 7 குறள்கள் இறைவன் திருவடியைக் கூறுகின்றன. அவற்றுள் அடி என்று கூறுவன 3, தாள் என்று கூறுவன 4. மணிவாசகப் பெருமான் சிவபுராணத்தைத் தொடங்கும்போது தாளையும் அடியையும் கழலையும் மாறி மாறி வாழ்த்தி, வெல்க என்று கூறி, போற்றி செய்கின்றார். காரைக்காலம்மையார் இறைவனிடம் வேண்டியதும், அவன் ஆடும்போது அடியின்கீழ் இருக்கும் பேறே அன்றோ?

அம்பலவாணர் திருவுருவைக் காணுங்கள். ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்று உண்மை விளக்கம் உணர்த்துகின்றது. திருக்கடவூரில் மார்க்கண்டேயர்க்காகக் காலனை உதைத்ததும் திருவடியே. அஞ்சுவார்க்கு அரணாவதும், மயங்குவார்க்கு வீடாவதும் அதுவே.

மதுரை வெள்ளியம்பலத்தில் பெருமான் வலக்காலைத் தூக்கி ஆடுகின்றார். அவ்வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் கூறும். இராசசேகர பாண்டியன் ஆடற்கலை பயின்றான். பயிலும்போது அவன் கால்கள் நொந்தன. உடனே அவன் நினைவு தன் நோவில் நில்லாமல், ‘எஞ்ஞான்றும் ஒரு காலையே ஊன்றி ஆடும் என் பெருமானுக்கு எவ்வளவு நொந்திருக்கும்!’ என்று சென்றது. கால் மாறி ஆடாவிடில் உயிர் விடுவேன் என்று வாளின்முன் நின்றான். பெருமானும் கால் மாறி ஆடியருளினார். தன் கால் நொந்தபோது பிறிதொரு காலின் நோவை உணர்ந்தானே, அஃது அன்பு!

அன்பர்களே! நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை இங்கே மறைக்காமல் கூறுவது கடமை. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊர்த் திருவிழாவில் திருவடிப்பேறு என்னும் பொருள்பற்றிப் பேசி முடித்து அமர்ந்திருந்தோம். மழை பெய்து ஓய்ந்த இரவு. சுவாமி வீதியுலா முடிந்து மண்டபத்திற்கு எழுந்தருளினார். சுவாமியைச் சுமந்து வருவோரைச் சீர்பாதம் தாங்கிகள் என்பது கோயில் வழக்கு. அவர்களுள் முதியவர் ஒருவர் மண்டபப் படியில் ஏறினார். கணுக்கால்வரை சேறு.

உபயகாரர் ஒருவர், “சேற்றுக் காலோடு ஏறுகிறாயே, அறிவில்லையா?” என்று பலர்முன் கடிந்தார்.

“தோளில் சாமி இருக்கும்போது காலைப் பார்த்து நடக்க முடியவில்லை, ஐயா” என்று மட்டும் கூறிவிட்டு, அம்முதியவர் இறங்கி இருளில் நின்றார்.

நாம் அருகிலேயே இருந்தோம். ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு நாழிகைக்கு முன்புதான் திருவடியின் பெருமையை விரித்துரைத்த நா, அப்போது எழவில்லை. விழாப் பொறுப்பாளருக்கு மனவருத்தம் நேரக்கூடாதே என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். அது தேறுதலன்று, கோழைமை. இன்றும் அந்தச் சேற்றுக்கால் நம் கண்முன் நிற்கின்றது.

கால் கழுவித் திருக்கோயிலுட் புகுதல் விதி. அதனை நாம் மறுக்கவில்லை. நீர் கொண்டுவந்து கொடுத்திருக்கலாமே! அதுவும் முடியாவிடில், திருக்காளத்தியை நினைவூட்டியிருக்கலாமே! முன்பு சொன்ன தலம் அதுதான். அங்கே கண்ணப்பர் தம் ஒரு கண்ணை இடந்து பெருமானுக்கு அப்பினார். மற்றைக் கண்ணிலும் குருதி கண்டார். தம் இரண்டாம் கண்ணையும் இடந்தபின் இடம் தெரிய வேண்டுமே என்று, காடெல்லாம் திரிந்த தம் இடக்காலைப் பெருமான் திருக்கண்ணின்மேல் ஊன்றிக்கொண்டார். அந்தக் காலைப் பெருமான் விலக்கவில்லை. கண்ணிடக்கும் கையையே தடுத்தருளினார். காற்றுக்குரிய தலத்தில், வேடர் ஒருவர் காலைக் கண்ணிலே ஏற்ற பெருமான், தம்மைச் சுமந்து வந்த காலின் சேற்றை வெறுப்பாரோ?

நாளை தேர்த்திருவிழா. வடம் பிடிக்கும் கால்கள், சக்கரத்திற்குக் கட்டை இடுவார் கால்கள், சுவாமியைச் சுமக்கும் கால்கள் வெயிலிலே சுடும். வீட்டு வாயிலில் நீர் தெளித்து வையுங்கள். இறக்கிவைத்து நிற்பவர்க்கு மோர் கொடுங்கள். கால் நொந்து வர இயலாத முதியவர் உங்கள் தெருவில் இருப்பின், அவர் வாயில் காணும்படி சுவாமி சிறிது நிற்கட்டும். அவர்களை நீ என்னாது நீங்கள் என்று அழையுங்கள். திருவடியை வணங்குகின்றோம் என்பதற்கு இதுவே சான்று. பாண்டியன் பிறிதொரு காலின் நோவை உணர்ந்தான், பெருமான் இரங்கினார். நாமும் உணர்வோமாயின் நமக்கும் இரங்குவார்.

எல்லாம் வல்ல அம்பலவாணர் திருவடித் துணை உங்கள் அனைவர்க்கும் ஆகுக!

திருச்சிற்றம்பலம்.