ஃபைலை வைத்தால் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இந்நாள் மாணவர்களுக்காக நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு ஏதாவது பேசுங்கண்ணே" என்றார் நம் சங்கச் செயலாளர். அதைப் பேச இந்த மேடையில் என்னைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வேலை, யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஒரு ஃபைலை அதற்குரிய இடத்தில், அதற்குரிய உரிமையோடு வைப்பது. முப்பது வருஷமாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதைப் பற்றியே பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் இதே தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரி லேப். பெயர் வேண்டாம். நம்ம கல்லூரி இல்லை, யாரும் பதற வேண்டாம்! நாற்பது மெஷின், எல்லாம் டெபியன் வழி வந்த லினக்ஸ். தமிழ் தெரிய வேண்டும் என்று பரணர், கல்யாணி, மதுரம் ஆகிய இலவச ஃபாண்டுகளைக் கொண்டுவந்து, லேப் பொறுப்பாளர் ரூட்டாக நுழைந்து 'சிபி' கமாண்டில் காப்பி செய்தார். அவர் ஸ்கிரீனில் தமிழ் அழகாக வந்தது. மாணவர்கள் லாகினில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. ஃபாண்டு சரியில்லை என்று இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

ஃபாண்டில் ஒரு குறையும் இல்லை. அந்த ரூட்டின் யூமாஸ்க் 077. அதாவது, ரூட் உருவாக்குகிற எந்த ஃபைலும் ரூட்டுக்கு மட்டுமே. அதனால் ஃபாண்டு ஃபைல் 600 என்ற பெர்மிஷனில் போய் உட்கார்ந்துவிட்டது. ஃபைல் இருக்கிறது, படிக்க மற்றவர்களுக்கு உரிமை இல்லை.

இந்த இடத்தில் 600, 644, 755 என்றால் என்ன என்று முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான் பத்தமடைக்காரன். பத்து மடை இருந்ததால்தான் ஊருக்கே அந்தப் பெயர் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வருகிறது. மடைப் பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் மடைக்காரர் பொறுப்பு. அந்த மடையில் பாயும் வயல்காரர்களுக்கு அவரவர் முறைப்படி தண்ணீர். வழியில் போகிறவர் கைகால் கழுவிக்கொள்ளலாம், பலகையில் கை வைக்கக் கூடாது. ஃபைலுக்கும் இப்படி மூன்று பேர்தான்: உடையவர், அவருடைய குரூப், மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. 644 என்றால் உடையவர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரண்டு பேரும் படிக்க மட்டும். டைரக்டரியாக இருந்தால் அந்த 1-க்குப் பொருள் 'உள்ளே போகலாம்' என்பது. டைரக்டரிக்கு 744 கொடுத்துவிட்டு, "பெயர் தெரியுது, திறக்க மாட்டேங்குதே சார்" என்று கேட்கிற பையன்களை இன்றும் பார்க்கிறேன். இன்னொன்று: ஒரு ஃபைலை அழிப்பதற்கு அந்த ஃபைலில் எழுதும் உரிமை தேவையில்லை, அது இருக்கிற டைரக்டரியில் எழுதும் உரிமை இருந்தால் போதும். இது பலருக்கு வேலைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆன பிறகும் தெரிவதில்லை.

லேப் கதைக்கு வருகிறேன். அங்கே ஒருத்தர், "777 போடுங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்று யோசனை சொன்னார். ஃபாண்டு டைரக்டரிக்கு மட்டும் போட்டிருந்தாலாவது தொலைகிறது. அதற்கும் மேலே உள்ள 'யூஎஸ்ஆர்' டைரக்டரி முழுவதற்கும், உள்ளே உள்ளதற்கெல்லாம் சேர்த்து, நாற்பது மெஷினிலும் சிஎச்மாட் 777 ஓட்டிவிட்டார்கள். தமிழ் வந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம்.

மறுநாள் 'சூடோ' வேலை செய்யவில்லை. தனக்கு செட்யூஐடி பிட் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டது. மாணவர்களால் பாஸ்வேர்டு மாற்ற முடியவில்லை. செட்யூஐடி என்பது, சாதாரண ஆள் ஓட்டினாலும் ஒரு புரோகிராம் தன் உடையவரின் அதிகாரத்தோடு ஓடுவதற்கான குறி. பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்தது; 1973-ல் விண்ணப்பித்து 1979-ல் பேடண்ட் கிடைத்தது. சாதாரண ஃபைலுக்கு 777 என்று எண்ணால் கொடுத்தால் அந்தக் குறி அழிந்துபோகும். பிராக்டிகல் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். சூடோவைத் திருப்பிச் சரிசெய்வது பெரிய வேலையில்லை. ஆனால் அந்த இடைவெளியில் கமாண்டுகள் இருக்கிற டைரக்டரியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். பரீட்சை நடக்கப்போகிற மெஷினில், 'எல்எஸ்' என்ற பெயரில் இருப்பது உண்மையான எல்எஸ்தானா என்று எதை வைத்துச் சொல்வது? நாற்பதையும் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றினோம். இரண்டு ராத்திரி.

'இன்ஸ்டால்' என்ற கமாண்டைக் கொண்டு ஒரே வரியில் முடித்திருக்க வேண்டிய வேலை இது. மைனஸ் எம் 644, ஃபைல் பெயர்கள், போய்ச்சேர வேண்டிய டைரக்டரி. யூமாஸ்க் என்னவாக இருந்தாலும் ஃபைல் 644 ஆகத்தான் போய் உட்காரும். அந்த 644-ஐச் சொல்லாமல் விட்டால் 755 என்று எடுத்துக்கொள்ளும். ஃபாண்டை யாரும் ஓட்டப்போவதில்லை, ஆகவே சொல்லிவிடுங்கள்.

ஆனால் இந்த இன்ஸ்டால் கமாண்டு ஊருக்கு ஒரு விதமாக இருந்தது. 1990-களில் வேலைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். பிஎஸ்டி யூனிக்ஸில் ஒரு முறை. சிஸ்டம் ஃபைவ்-ல் கொடுக்கிற வரிசையே வேறு. ஏஐஎக்ஸ் ஒத்துவராது. ஓஎஸ்எஃப்-இல் வந்த இன்ஸ்டால், கேட்காமலே எல்லாவற்றையும் ரூட் பெயரில் வைக்கும். அனைவருக்கும் பொதுவான போஸிக்ஸ் தரத்தில் இன்ஸ்டால் என்ற கமாண்டே கிடையாது. அப்படியானால் ஒரே மென்பொருளை நூறு வகை மெஷினுக்கு எப்படி அனுப்புவது?

கூடவே ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டை அனுப்பிவிடு, எங்கே போனாலும் அதுவே வைத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள். 'இன்ஸ்டால்-எஸ்எச்' என்று அதற்குப் பெயர். 1991-ல் எம்ஐடி-யின் எக்ஸ் விண்டோ ஐந்தாம் வெளியீட்டோடு வந்தது. பிறகு குனு ஆட்டோமேக் அதை எடுத்து வளர்த்தது. மென்பொருளின் சோர்ஸை இறக்கி 'கான்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்று அடித்திருப்பீர்களே, அந்தக் கட்டுக்குள் ஒரு மூலையில் இது பெரும்பாலும் இருக்கும். மெஷினில் நல்ல இன்ஸ்டால் இருந்தால் அது ஓடும். இல்லாவிட்டால் இது ஓடும். பெயரில்கூட ஒரு முன்யோசனை. புள்ளி வைத்து 'இன்ஸ்டால்.எஸ்எச்' என்று இருந்தால், மேக்ஃபைல் இல்லாத இடத்தில் 'மேக் இன்ஸ்டால்' அடிக்கும்போது மேக் அதிலிருந்தே 'இன்ஸ்டால்' என்றொரு ஃபைலைத் தானாகச் செய்து வைத்துவிடும். அதனால்தான் நடுவில் கோடு.

அது வேலை செய்கிற வரிசையைப் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. எங்க ஊரில் கல்யாணப் பாய் நெய்வார்கள், பெண் மாப்பிள்ளை பெயரைக் கோரையிலேயே போட்டு. பாதிப் பெயர் நெய்த பாயை மண்டபத்தில் விரித்து, வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே மீதியை யாரும் நெய்வதில்லை. தறியில் முடித்து, ஓரம் கட்டி, சுருட்டிக் கொண்டுபோய்த்தான் விரிப்பார்கள். இந்த ஸ்கிரிப்டும் புதிய ஃபைலை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் காப்பி செய்கிறது. அப்போதே யூமாஸ்க்கை இறுக்கிக்கொள்ளும். கடைசியில் கொடுக்கப்போகிற உரிமைக்கு மேல் ஒரு நொடிகூட மற்றவர்களுக்குத் திறந்து வைக்காது. பிறகு உடையவரை மாற்றும், குரூப்பை மாற்றும். சிஎச்மாட் எல்லாவற்றுக்கும் கடைசி. காரணம், உடையவரை மாற்றினால் பல யூனிக்ஸ்களில் செட்யூஐடி குறி அழிந்துவிடும். வரிசை மாறினால் அந்த லேபில் சூடோவுக்கு வந்த கதிதான். இதில் எந்தப் படி தவறினாலும் பழைய ஃபைலைத் தொடாமல் நின்றுவிடும். எல்லாம் சரி என்றால், 'எம்வி' கொண்டு உண்மையான பெயருக்கு ஒரே நொடியில் மாற்றும்.

தற்காலிக ஃபைலை ஏன் டெம்ப் டைரக்டரியில் வைக்காமல், போய்ச்சேர வேண்டிய டைரக்டரியிலேயே வைக்கிறது? பெயர் மாற்றுவது ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் என்றால்தான் நொடி வேலை. வேறு டிஸ்க்கிலிருந்து வந்தால் எம்வி மறுபடி காப்பி செய்ய ஆரம்பித்துவிடும். நடுவில் கரண்டு போனால் பாதி ஃபைல்தான் மிச்சம். நம்ம ஊரில் கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை! ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் மேல் நேராகக் காப்பி செய்தால் 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று மறுக்குமே, இந்த முறையில் அந்தத் தொல்லையும் இல்லை. ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்குப் பழையது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் புதியது.

எழுதியவர்கள் எங்கேயெல்லாம் போய் அடிபட்டு வந்திருக்கிறார்கள் என்பது உள்ளே இருக்கிற குறிப்புகளைப் படித்தால் தெரியும். சில மெஷினில் 'ஆர்எம்' கமாண்டால் தன்னைத்தானே அழிக்க முடியாது. புதிய ஆர்எம்-ஐ நிறுவும்போது பழையதை என்ன செய்வது? அழிக்கப் பார், முடியாவிட்டால் பெயர் மாற்றி ஓரமாக நகர்த்து என்று இரண்டு வழியும் வைத்திருக்கிறார்கள். மைனஸ் குறியில் தொடங்கும் ஃபைல் பெயரைக் கமாண்டுகள் ஆப்ஷன் என்று எண்ணி ஏமாறும். அதற்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுக்கிறது.

இங்கே மாணவர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. உங்கள் ஸ்கிரிப்டுகளைப் பார்க்கிறேன். முதல் வரியில் 'பின் எஸ்எச்' என்று இருக்கிறது, உள்ளே இரட்டைச் சதுர அடைப்பு, அர்ரே, எல்லாம் பாஷ் சரக்கு. "என் லேப்டாப்பில் ஓடுதே சார்!" ஓடும். உபுண்டுவில் 2006-லிருந்தும், டெபியனில் 2011-லிருந்தும் எஸ்எச் என்றால் டேஷ். அங்கே அது ஓடாது. சின்ன ரூட்டர்களில் பிஸிபாக்ஸ், ஃப்ரீபிஎஸ்டியில் வேறு ஷெல். பாஷ்தான் வேண்டும் என்றால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இன்ஸ்டால்-எஸ்எச் பாஷ் இல்லாத இடத்திலும் ஓட வேண்டியது. அதனால் அது எந்த ஆடம்பரமும் வைத்துக்கொள்ளவில்லை.

குறை இல்லாமல் இல்லை. எதை எங்கே வைத்தோம் என்று அது குறித்து வைப்பதில்லை. பின்னால் எடுக்க வேண்டுமென்றால் நீங்கள்தான் தேட வேண்டும். அதற்குத்தான் பாக்கேஜ் முறை வந்தது. சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான், பாக்கேஜ்தான். ஆனால் அந்தப் பாக்கேஜைக் கட்டுகிறவர்களும் உள்ளே ஓட்டுவது பெரும்பாலும் இதே 'மேக் இன்ஸ்டால்'தான். ஒரே வித்தியாசம், 'டெஸ்ட்டிர்' என்று ஒரு காலி டைரக்டரியைக் காட்டி அதற்குள் வைக்கச் சொல்வார்கள். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். ரூட் தேவையில்லை. உங்கள் வீட்டு டைரக்டரிக்குள் ஒரு காலி இடத்தைக் காட்டி ஓட்டுங்கள். எந்த ஃபைல் எங்கே போகிறது, யாருக்கு என்ன உரிமை என்று 'எல்எஸ் மைனஸ் எல்' போட்டு வரி வரியாகப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பிறகு ரூட்டாக ஓட்டலாம்.

அந்த ஸ்கிரிப்ட் சுமார் ஐந்நூறு வரிதான். இன்று சாயங்காலம் லேப் திறந்திருக்கும் என்று துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். காபி குடித்துவிட்டு வாருங்கள், மொத்தத்தையும் சேர்ந்து படிப்போம்.